நீலகிரியில் மரம், செடி பார்க்க மட்டும் மூன்று நாள்: எங்கே போகலாம்?

திருநகர் மாடித்தோட்டம் (மதுரை) கேட்டது:

வணக்கம். ஜனவரி கடைசியில், குடியரசு தின விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்து, குடும்பமாக நீலகிரிக்கு வரலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி குரூப் படிக்கும் மகள், அப்புறம் அத்தை (என் மாமியார்). அத்தைக்கு முழங்கால் வலி. படி ஏறுவது சிரமம். ஆனால் எங்கள் வீட்டில் செடி மேல் ஆசை அதிகம் அவருக்குத்தான். எங்கள் மாடியில் இருக்கும் தொட்டிகளில் பாதி அவர் கையால் வைத்தவை.

எங்களுக்குப் படகு சவாரி வேண்டாம், சாக்லேட் கடை வேண்டாம், சினிமா எடுத்த இடமும் வேண்டாம். மரமும் செடியும் மட்டும் பார்க்க வேண்டும். கொடைக்கானல் எங்களுக்குப் பக்கம்தான். பிரையண்ட் பூங்காவை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டோம். அதனால்தான் இந்த முறை நீலகிரி.

கேட்க நினைப்பது இவைதான். ஊட்டி தாவரவியல் பூங்கா ஒன்றே போதுமா, இல்லை குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கும் போக வேண்டுமா? சோலைக்காடு என்கிறார்களே, மலை மடிப்புகளில் இருக்கும் அந்தக் காட்டுக்குள் எங்களைப் போன்றவர்கள் போக முடியுமா, யாரிடம் கேட்பது? அத்தையை எங்கே உட்கார வைக்கலாம், எங்கே கூட்டிப் போகலாம்? ஜனவரியில் பூ எதுவும் இருக்காது என்று ஒருவர் பயமுறுத்துகிறார், உண்மையா? திரும்பும்போது நாற்று வாங்கி வரலாமா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவசரம் இல்லை, நேரம் எடுத்து எழுதினாலும் சரி.


கோத்தகிரி டீச்சர் எழுதியது:

வாருங்கள், வாருங்கள். இந்தக் கேள்வியைப் படித்ததும் பெரிய சந்தோஷம். அரசுப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீட்டுக்குப் பின்னால் சோலை மரக் கன்றுகள் வளர்த்து, கேட்கிறவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். ஊட்டிக்கு வருகிறவர்கள் தாவரவியல் பூங்காவில் பூப்பாத்தி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, இந்த மலையில் பிறந்த ஒரு மரத்தைக் கூடப் பார்க்காமல் இறங்கிப் போகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் இருக்கும் வருத்தம். நீங்கள் அப்படிப் போகக் கூடாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வரிசை. எல்லோரும் நேராக ஊட்டி போய்விட்டு, திரும்பும் வழியில் குன்னூரை எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் மலை ஏறுகிற வரிசையிலேயே பாருங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி ஏறும்போது பர்லியார் வரும். அங்கே அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான் எல்லாம் அந்தச் சூட்டிலும் ஈரத்திலும்தான் நன்றாக வரும். அதே மரத்தை ஊட்டியில் நட்டால் ஒரு பனிக்காலம் தாங்காது. சாலையில் ஒரு மணி நேரம் மேலே போவதற்குள் தாவரங்கள் மொத்தமாக மாறுவதை உங்கள் மகள் வண்டி ஜன்னலிலேயே பார்க்கலாம். பாக்கு மரம் எந்த வளைவோடு நிற்கிறது, தேயிலை எங்கே தொடங்குகிறது, முதல் யூகலிப்டஸ் எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

முதல் நாள் குன்னூர். சிம்ஸ் பூங்கா 1874ல் தொடங்கியது. சுமார் 12 ஹெக்டேர், கடல் மட்டத்திலிருந்து 1800 மீட்டரை ஒட்டிய உயரம். ஊட்டித் தோட்டத்தை விட இதுதான் எனக்குப் பிடித்தது. காரணம், ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் இயற்கையாக இருந்த மரங்களை அழிக்காமல், அவற்றுக்கு நடுவிலேயே வெளிநாட்டு மரங்களையும் வைத்து உருவாக்கிய தோட்டம் இது. உள்ளூர் மரமும் வெளியூர் மரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரே எச்சரிக்கை: நுழைந்ததும் கீழே இறங்கிக்கொண்டே போகும் தோட்டம் இது. இறங்கும்போது தெரியாது, திரும்பி ஏறும்போது முழங்கால் சொல்லும். அத்தையை மேல்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மாளிகைப் பக்கம் உட்கார இடம் உண்டு, பார்க்கவும் நிறைய உண்டு. நீங்கள் முறை வைத்துக் கீழே போய் வாருங்கள்.

மகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். பள்ளியில் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது நான் கொடுத்த வேலைதான் இது. நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் தோட்டத்து மரம், வலப்பக்கம் அதன் காட்டுச் சொந்தம். அவ்வளவுதான்.

சிம்ஸ் பூங்காவில் ருத்ராட்ச மரம் இருக்கிறது. எல்லோரும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதே பேரினத்து மரம் எங்கள் சோலைகளிலும் உண்டு, நாங்கள் விக்கி மரம் என்போம். பழம் பச்சையாக ஆலிவ் காய் அளவில் இருக்கும், புளிப்பும் துவர்ப்பும் கலந்த ருசி. சீசனில் கோத்தகிரி, குன்னூர் கடைவீதியில் விற்பார்கள். சதையைத் தின்றுவிட்டு உள்ளே இருக்கும் கொட்டையைக் கழுவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். ருத்ராட்சத்தின் தங்கை என்று பார்த்ததும் தெரிந்துவிடும். புத்தகத்தில் குடும்பம், பேரினம் என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, ஒரு கொட்டையைக் கையில் வைத்து உருட்டும்போதுதான் அது விளங்கும்.

அப்புறம் மக்னோலியா. பூங்காவில் இருப்பது வெளிநாட்டு மரம். இலை தடிப்பு, பூ பெரிசு. அதன் சொந்தக்காரர் நம் காட்டுச் செண்பகம். லாங்வுட் சோலையில் அண்ணாந்து பார்த்தால் கிடைக்கும். கமேலியாவையும் விடாதீர்கள். அலங்காரச் செடியாக வைத்திருப்பார்கள், ரோஜா மாதிரி அடுக்குப் பூ. பூங்காவை விட்டு வெளியே வந்து எந்தத் தேயிலைத் தோட்ட ஓரத்திலாவது நின்று, கவாத்து செய்யாமல் (கிளை வெட்டாமல்) விட்ட செடியில் வெள்ளைப் பூவும் மஞ்சள் மகரந்தமும் இருக்கிறதா என்று தேடுங்கள். தேயிலையும் கமேலியாதான். பூவில்லாத தேயிலையை மட்டுமே பார்த்த கண்ணுக்கு அது பெரிய ஆச்சரியம்.

இரண்டாம் நாள் காலை லாங்வுட் சோலை. கோத்தகிரி ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான். 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலையும் ஊர்களும் இருக்க, நடுவில் ஒரு துண்டுச் சோலை தப்பிப் பிழைத்திருக்கிறது. கீழே இருக்கும் பல ஊர்களுக்குக் குடிநீர் இங்கிருந்துதான் போகிறது. 2024 ஜனவரியில் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்கும் அப்போதுதான் அந்த அங்கீகாரம் கிடைத்தது. ராம்சார் என்றதும் ஏரியும் சதுப்பும் எதிர்பார்த்து வருகிறவர்கள் உண்டு. உள்ளே போய் இலைச் சருகைக் கையில் அள்ளிப் பிழிந்து பாருங்கள், ஏன் கொடுத்தார்கள் என்று புரியும். மழை நின்று வாரக்கணக்கானாலும் அந்தச் சருகு மண் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும்.

போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். கோத்தகிரி வனச்சரக அலுவலகத்தில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஊர் ஆள் ஒருவர் கூட வர வேண்டும். இது சும்மா சொல்வதில்லை. உள்ளே காட்டெருமை உண்டு. கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் கரடி நடமாட்டம் அதிகம், அதிகாலையிலும் சாயங்காலத்திலும் கண்டிப்பாக வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு மேல் சரியாக இருக்கும்.

உள்ளே என்ன பார்ப்பது என்று கேட்பீர்கள். பூ குறைவுதான். முதலில் ஒரு இடத்தில் நின்று பத்து நிமிடம் கண் பழகட்டும். மரங்கள் உயரம் கம்மி, தண்டெல்லாம் முறுக்கிக்கொண்டு, பாசியும் லைக்கனும் போர்த்தி நிற்கும். புதுத் தளிர் சிவப்பாக வரும் மரங்கள் நிறைய. நாவல் வகை, காட்டு லவங்க வகை எல்லாம் அப்படித்தான். தூரத்திலிருந்து பூத்த மாதிரி தெரியும், கிட்டே போனால் இலை. ஓடை ஓரத்தில் மரப்பெரணி நிற்கும். ஆள் உயரத்துக்கு மேல் தண்டு விட்டு, உச்சியில் தென்னை போல மட்டை விரித்திருக்கும். பூவும் இல்லாமல் விதையும் இல்லாமல் வம்சம் வளர்க்கும் செடி இவ்வளவு உயரம் போகும் என்று பாடப் புத்தகப் படம் பார்த்தால் நம்பவே முடியாது. மட்டையின் அடிப்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகளை மகளுக்குக் காட்டுங்கள். அவைதான் வித்துக்கூடுகள், விதைக்குப் பதிலாக ஸ்போர் என்னும் தூள் இருக்கும் கூடுகள். நீலகிரிச் சிரிப்பான் குருவி கூட்டமாகக் கத்தினால் பயப்பட வேண்டாம், அது சிரிக்கிற மாதிரிதான் கத்தும்.

அத்தை சோலைக்குள் முழுக்க நடக்க வேண்டாம். சோலை விளிம்பில் கொஞ்ச தூரம் மெதுவாக வரட்டும். வெயிலில் நின்றுவிட்டு மரத்தடிக்குள் நாலு எட்டு வைத்ததும் குளிர் மாறுவதை அவரும் உணரட்டும்.

மூன்றாம் நாள் ஊட்டி. ஜனவரியில் பூ இருக்காது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. மே மாத மலர்க் கண்காட்சிக்கு அப்போதுதான் நாற்று தயாராகிக்கொண்டிருக்கும். ரோஜா பூங்காவிலும் செடிகளைக் கவாத்து செய்து விட்டிருப்பார்கள், அதை இந்த முறை விட்டுவிடலாம். ஆனால் மரம் பார்க்க ஜனவரி நல்ல மாதம். கூட்டம் குறைவு, வானம் தெளிவு. நாற்றுகளை உறைபனியிலிருந்து காப்பாற்ற மிலார்க் கொப்புகளை வரிசையாகக் குத்தி மூடி வைத்திருப்பார்கள். கோத்தகிரிப் பக்கமிருந்து கொண்டு வரும் கொப்புகள் அவை. காலையில் சீக்கிரம் போனால் புல்வெளி மேல் உப்புத் தூவியது போல உறைபனி இருக்கும். இலைப் பரப்பில் உறைந்த நீர், வெயில் பட்டதும் கருகும் தளிர், மூடி வைத்ததால் தப்பிய தளிர் மூன்றையும் மகள் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த மலையில் மேட்டில் புல்வெளியும் மடிப்புகளில் சோலையுமாக இருப்பதற்கு உறைபனியும் முக்கியமான காரணம். திறந்த வெளியில் முளைக்கும் மரக்கன்றை இரவுப் பனி கருக்கிவிடும். மரக்கூட்டத்துக்குள் அந்தக் குளிர் இறங்காது. அதனால் சோலை மரம் சோலைக்குள்ளேயே பெருகும், வெளியே புல் பெருகும். இதற்கு விதிவிலக்கு காட்டுப் பூவரசு, ஆங்கிலத்தில் ரோடோடென்ட்ரான். தடித்த பட்டையோடு புல்வெளி நடுவில் தனியாக நின்று பனியையும் தீயையும் தாங்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். தொட்டபெட்டா போகும் சாலை ஓரத்திலேயே பார்க்கலாம், இறங்கி நடக்க வேண்டியதில்லை. அத்தைக்கு இதைக் காட்டாமல் போய்விடாதீர்கள். இதன் நெருங்கிய சொந்தம் இமயமலையில் இருக்கிறது, நேபாளத்தின் தேசிய மலர். நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டர் சமவெளியில் ஒன்று கூடக் கிடையாது.

ஊட்டி பூங்காவை 1848ல் உருவாக்கத் தொடங்கியவர் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரகாம் மெக்ஐவர். 22 ஹெக்டேர், தொட்டபெட்டாவின் அடிச்சரிவு. கீழ்த் தோட்டம் ஓரளவு சமதளம், அத்தைக்கு அதுவே போதும். கல்லாகிப் போன மரத்தண்டு அங்கேதான் இருக்கிறது, 2 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். கார்க் மரத்தைத் தேடிப் பாருங்கள். மத்தியதரைக் கடல் ஓரத்து ஓக் வகை அது. சார்டினியா தீவிலும் போர்ச்சுகலிலும் பட்டையை உரித்து எடுத்தால் சுமார் ஒன்பது ஆண்டில் மறுபடி வளர்ந்துவிடும், மரம் சாகாது. மேலே ஏறிக்கொண்டே போனால் பூங்காவின் உச்சியில் தோடர் பழங்குடியினரின் மந்து ஒன்று இருக்கிறது. அது மக்கள் குடியிருக்கும் இடம். கேட்காமல் உள்ளே நுழைவதோ படம் எடுப்பதோ வேண்டாம்.


லவ்டேல் டிரைவர் எழுதியது:

டீச்சர் சொன்னதில் நான் சேர்க்க வேண்டியது போக்குவரத்து மட்டும்தான்.

மதுரை வண்டி என்றால் இ-பாஸ் கட்டாயம். 2024 மே மாதம் ஐகோர்ட் உத்தரவில் வந்தது, கொடைக்கானலுக்கும் இதே நடைமுறைதான். ஆன்லைனில் பதிவு செய்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், சோதனைச் சாவடியில் காட்ட வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கேரி பேக் எதுவும் வேண்டாம், வாங்கி வைத்துக்கொண்டு அபராதமும் போடுவார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் நாலு எடுத்து வந்தால் வழியில் தண்ணீர் ஏடிஎம்மில் நிரப்பிக்கொள்ளலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழி ஏறினால் குன்னூர், குஞ்சப்பனை வழி ஏறினால் கோத்தகிரி. டீச்சர் சொன்ன வரிசைக்குப் பர்லியார் வழி ஏறி, திரும்பும்போது கோத்தகிரி வழி இறங்குங்கள். இரண்டு மலைச் சரிவையும் பார்த்த மாதிரி ஆச்சு. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும்.

மலை ரயிலில் போக ஆசை இருந்தால் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் அத்தையையும் பாப்பாவையும் ஏற்றி விடுங்கள், நீங்கள் வண்டியில் வந்து சேரலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு உட்கார்ந்தபடியே காடு பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. டிக்கெட் முன்பே எடுக்க வேண்டும்.

காட்டெருமை சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள். வண்டியை நிறுத்தி, அது போகும் வரை உள்ளேயே இருங்கள்.


மஞ்சூர் பையன் எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு, டீச்சர் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பூங்கா பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். சோலைக்குள் போங்கள் என்று பொதுவில் எழுதினால், அடுத்த மாதம் ஐம்பது பேர் ஸ்பீக்கரோடு வருவார்கள். எங்கள் பக்கம் அருவி ஒன்றுக்கு அப்படித்தான் ஆனது. வீடியோ ஒன்று பரவியது, அவ்வளவுதான், இப்போது கண்ணாடித் துண்டு மிதிக்காமல் அங்கே நடக்க முடியாது. மிச்சம் இருப்பது கொஞ்சம் சோலைதான். அதை விட்டுவிடலாமே?


திருநகர் மாடித்தோட்டம் எழுதியது:

டீச்சர், உங்கள் பதிலை அத்தைக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். காட்டுப் பூவரசு வரும்போது இன்னொரு முறை படி என்றார். ரொம்ப நன்றி. டிரைவர் அண்ணனுக்கும் நன்றி, ரயில் யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மஞ்சூர் தம்பி சொல்வதும் நியாயம்தான். நாங்கள் சத்தம் போடுகிறவர்கள் இல்லை, ஆனாலும் போகக் கூடாது என்றால் போக மாட்டோம்.

இன்னும் இரண்டு கேள்வி. மகளுக்கு ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி வைக்கும் தொகுப்பு) செய்ய வேண்டும், இலை பறித்துக்கொள்ளலாமா? அவலாஞ்சி போகலாம் என்று கணவர் சொல்கிறார், ஒரு நாள் அதற்கு ஒதுக்கலாமா?


கோத்தகிரி டீச்சர் எழுதியது:

மஞ்சூர் தம்பி, உன் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் லாங்வுட் எப்படிப் பிழைத்தது என்று யோசித்துப் பார். ஒரு காலத்தில் விறகுக்கு வெட்டி, மாடு மேய்த்து, பாதி அழிந்துகொண்டிருந்த சோலை. சுற்றி இருந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து குழு அமைத்து, வனத்துறையோடு சேர்ந்து காவல் காத்து, பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போய்க் காட்டிக் காட்டித்தான் மீட்டார்கள். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பிள்ளை அந்த மரத்தில் கத்தி வைக்காது. அனுமதி வாங்கி, ஊர் ஆளோடு, நாலு பேராகப் போவதை நான் தடுக்க மாட்டேன். ஸ்பீக்கரோடு வருகிறவர்களை நீயும் நானும் சேர்ந்தே தடுப்போம். வழியில்லாத சோலைகளின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

ஹெர்பேரியத்துக்கு: சோலையிலும் பூங்காவிலும் ஒரு இலை கூடப் பறிக்கக் கூடாது. காட்டில் அது சட்டப்படியே குற்றம். விழுந்து கிடப்பதையும் காட்டிலிருந்து எடுத்து வர வேண்டாம். படம் வரையச் சொல்லுங்கள். போட்டோ வேண்டாமா என்று கேட்பாள். போட்டோவும் எடுக்கட்டும், ஆனால் வரையும்போதுதான் இலை எதிரெதிராக இருக்கிறதா மாற்றி மாற்றி இருக்கிறதா, நரம்பு விளிம்பு வரை போகிறதா என்று கண் தேடும். ஹெர்பேரியம் தாளில் ஒட்டத்தான் வேண்டும் என்றால் சாலை ஓரக் களைகள் போதும். நீங்கள் தங்கும் இடத்தின் வேலியிலேயே உண்ணிச்செடி கிடைக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் பறிக்கலாம், யாரும் வருத்தப்பட மாட்டோம்.

களை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஊட்டியைச் சுற்றிப் பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு என்று நினைத்துவிடாதீர்கள். யூகலிப்டஸ் 1843 வாக்கில் இங்கே வந்தது, ஊட்டிக்கு விறகு பற்றாக்குறை. வாட்டில் மரத்தைப் பட்டைக்காகப் பரப்பினார்கள், தோல் பதனிட உதவும். புல்வெளிகள் மேல் நட்ட வாட்டில், நட்ட இடத்தோடு நிற்காமல் தானே பரவிவிட்டது. இன்னொன்று ஸ்காட்ச் புரூம், ஐரோப்பாவிலிருந்து அழகுக்காகக் கொண்டு வந்த மஞ்சள் பூச்செடி. மேல் பவானி, அவலாஞ்சிப் பக்கப் புல்வெளிகளில் அது புதர் புதராகப் பெருகி, அடியில் புல்லே இல்லாமல் ஆக்குகிறது. விதை மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும், அதனால் ஒருமுறை பிடுங்கினால் தீராது. சுற்றுலா வந்தவர்கள் அந்த மஞ்சள் பூ முன்னால் நின்று படம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

அவலாஞ்சி அழகான இடம், சந்தேகமே இல்லை. ஆனால் வனத்துறை வண்டியில் குலுங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும், இறங்கி நின்று செடி பார்க்க நேரம் கிடைக்காது. முழங்கால் வலியோடு அத்தைக்கு அது வேண்டாம். அந்த நேரத்துக்கு நடுவட்டம் போங்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் வரும்.

நடுவட்டத்தை ஏன் சொல்கிறேன் என்றால், மெக்ஐவர் ஊட்டியில் பூங்கா மட்டும் வைக்கவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து 1860ல் வந்த சிங்கோனாவை இந்த மலையில் வளர்த்து எடுத்தவரும் அவர்தான். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. பட்டை வேண்டும் என்று மரத்தை வெட்டினால் மரம் போச்சு. மெக்ஐவர் என்ன செய்தார் என்றால், பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்துவிட்டு, உரித்த இடத்தைப் பாசியால் போர்த்திக் கட்டினார். ஈரத்தில் காயம் காயாமல் இருந்து, புதுப் பட்டை வளர்ந்தது. அந்தப் பட்டையிலும் மருந்துச் சத்து இருந்தது. பாசி நம் சோலையில் எவ்வளவு கிடைக்கும் என்று லாங்வுட்டில் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதைப் பார்த்துவிட்டு நடுவட்டம் போனால் கதை மகளுக்கு முழுதாகப் பிடிபடும். ஊட்டிப் பூங்காவில் கார்க் மரத்தைத் தேடச் சொன்னதும் இதற்காகத்தான். பட்டை உரித்தும் மரம் பிழைக்க ஒரு மரத்துக்கு இயற்கையே வழி வைத்தது, இன்னொன்றுக்கு மனிதர் கண்டுபிடித்தார்.

சிங்கோனா வேலைக்குக் கைதிகளையும் பயன்படுத்தினார்கள். அந்தப் பழைய சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்னும் நிற்கிறது. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். செடியின் வரலாறு பேசும்போது அதற்காக முதுகு ஒடிந்தவர்களையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.


தாண்டிக்குடி காபிக்காரர் எழுதியது:

நீலகிரிக்கு வழி சொல்லும் இடத்தில் பழனி மலைக்காரன் புகுந்ததற்கு மன்னிக்கவும். மதுரைக்காரர்கள் பிரையண்ட் பூங்காவோடு கொடைக்கானலை முடித்துவிட்டீர்கள் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிரையண்ட் பூங்கா 1908ல் வந்தது, நல்ல பூங்காதான். ஆனால் செண்பகனூர் அருங்காட்சியகம் பார்த்தீர்களா? 1895ல் பாதிரியார்கள் தொடங்கியது. அங்கே இருக்கும் ஆர்க்கிட் தொகுப்புக்கு மட்டும் அரை நாள் கொடுக்கலாம். படி அதிகம் இல்லை, பெரியவர்களுக்கும் சிரமம் இல்லை.

அடுத்து குறிஞ்சி. 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது, இனி 2030. உங்கள் மகள் அப்போது படிப்பு முடித்திருப்பாள். இப்போதே குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் போய்ப் பூக்காத செடியைக் காட்டி வையுங்கள். பூக்கிற வருஷம் லட்சக்கணக்கில் வருகிறார்கள், நடுவில் இருக்கிற பதினோரு வருஷம் அந்தச் செடியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில்தான் அதை வெட்டி ரிசார்ட் கட்டுகிறார்கள்.

முடிந்தால் கீழ்ப் பழனி மலைக்கும் வாருங்கள். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழி. காபிக்கு நிழல் தரக் காட்டு மரங்களை விட்டு வைத்து, அவற்றில் மிளகு ஏற்றி, நடுவில் மலைவாழையும் ஆரஞ்சும் வைத்திருப்போம். பூங்கா மாதிரி பெயர்ப்பலகை இருக்காது. எந்த மரத்துக்கு என்ன பெயர், எதன் நிழலில் காபி நன்றாகக் காய்க்கும் என்று இங்கே வேலை செய்கிற எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார்கள். விருப்பாட்சி வாழை பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்து, இப்போது மெதுவாக மீண்டு வருகிறது. அத்தை செடிப் பிரியர் என்கிறீர்கள். ஒரு வாழைக் கன்றைப் பார்த்தே நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அவருக்கு நான் கற்றுத் தருகிறேன்.


திருநகர் மாடித்தோட்டம் எழுதியது:

காபி அண்ணா, வருகிறோம், கோடை விடுமுறைக்கு முன்பே வருகிறோம். அத்தை இப்போதே சரி என்றுவிட்டார். நாற்று பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே?


கோத்தகிரி டீச்சர் எழுதியது:

மறக்கவில்லை, தள்ளி வைத்தேன். சோலை மரக்கன்று மதுரைக்கு வேண்டாம் அம்மா. காட்டுப் பூவரசு கேட்டு எத்தனையோ பேர் வருவார்கள், நான் கொடுப்பதில்லை. உங்கள் சித்திரை வெயிலில் அது ஒரு மாதம் தாங்காது. சாகப் போகிறது என்று தெரிந்தே ஒரு கன்றைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

பூங்காக்களின் விற்பனை நிலையத்தில் பெலார்கோனியம், பிகோனியா எல்லாம் அழகாக இருக்கும். அவையும் மதுரை மாடியில் மார்ச் வரைதான். ரோஸ்மேரி வாங்கிப் போங்கள். எங்கள் பக்கம் விவசாயமாகவே செய்கிறார்கள். மத்தியதரைக் கடல் நாட்டுச் செடி, வறட்சி தாங்கும், ஈரம்தான் ஆகாது. மணல் கலந்த மண், காலை வெயில் மட்டும் படும் இடம், தொட்டியில் தண்ணீர் நிற்கக் கூடாது. அத்தை கையில் பிழைத்துவிடும்.

பர்லியாரில் மிளகுக் கொடி கேட்டுப் பாருங்கள், அதுவும் நிழலில் வரும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இங்கேயே எழுதுங்கள். காட்டுப் பூவரசு எந்த வளைவில் பூத்திருக்கிறது என்று நான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். சோலைக்கு உங்களோடு நானே வருகிறேன். அத்தைக்கு ஒரு கைத்தடி மட்டும் எடுத்து வையுங்கள்.